பீட்டர் ஸ்பூலர்: மற்றவர்கள் வேண்டாம் என்றதை எடுத்தவர்

கேள்வி இதுதான்: ஸ்விட்சர்லாந்தின் ஸ்டாட்லர் ரயில் கம்பெனியை வளர்த்த பீட்டர் ஸ்பூலர் நிஜமாகவே தொழில் தெரிந்தவரா? இல்லை, பெண் எடுத்த வீட்டில் கிடைத்த கம்பெனியும் எம்.பி. பதவியும் தூக்கிவிட்ட ஆளா?

கேள்வியில் சொல்லியிருக்கும் இரண்டும் உண்மைதான். ஸ்டாட்லர் குடும்பத்துக்கு அவர் மருமகன் முறை. 13 வருடம் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஆனால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 18 பேர் வேலை செய்த ஒரு பட்டறையை 13,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியாக மாற்ற முடியாது. அவர் செய்தது வேறு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பட்டறை. எர்ன்ஸ்ட் ஸ்டாட்லர் என்ற பொறியாளர் 1942இல் சூரிக்கில் ஒரு சின்ன அலுவலகமாகத் தொடங்கியது அது. போர் முடிந்த பிறகு பேட்டரியிலும் டீசலிலும் ஓடும் குட்டி இன்ஜின்களைச் செய்தார்கள். தொழிற்சாலை வளாகத்துக்குள் சரக்குப் பெட்டிகளை இழுத்து நகர்த்தும் வகை. 1962இல் துர்காவ் மாநிலத்தில் புஸ்நாங் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்றைக்கும் தலைமையகம் அங்கேதான். வில் ஊரிலிருந்து வைன்ஃபெல்டன் போகும் ரயிலில் உட்கார்ந்தால், புஸ்நாங் நிலையத்தை ஒட்டியே தொழிற்சாலை தெரியும். எந்த நாட்டுக்கோ போக வேண்டிய புது ரயில், நமக்குப் புரியாத மொழியில் பெயர் எழுதிக்கொண்டு, ஆப்பிள் தோட்டத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

ஸ்பூலர் பிறந்தது 1959இல், ஸ்பெயினின் செவில் நகரத்தில். வளர்ந்தது சூரிக்கில். செயின்ட் காலன் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். இளவயதில் ஐஸ் ஹாக்கி பைத்தியம். பொறியியல் படித்தவர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1980களின் கடைசியில் கம்பெனிக்குள் வந்தார். 1989இல் கடன் வாங்கி அதையே விலைக்கு வாங்கிவிட்டார். அப்போது ஆண்டு வருமானம் சுமார் 45 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்க், ஆட்கள் 18 பேர். ஆக, சீதனமாக வந்த சொத்து இல்லை. கழுத்தில் கடனோடு வந்த சொத்து.

அந்தக் காலத்தில் ஸ்விஸ் ரயில் தொழில் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். இன்ஜினுக்கு வின்டர்தூரின் எஸ்.எல்.எம்., பெட்டிக்கு ஷிண்ட்லர், மின்சாமானுக்கு ஏ.பி.பி. என்று பரம்பரைப் பெயர்கள் இருந்தன. 1990களில் இவை ஒவ்வொன்றாகச் சரிந்தன, விற்கப்பட்டன, பெரிய கூட்டணிகளுக்குள் கரைந்தன. 1996இல் ஏ.பி.பி.யும் டைம்லரும் தங்கள் ரயில் பிரிவுகளைச் சேர்த்து அட்ரான்ஸ் என்று ஒரு பெருங்கம்பெனியை உருவாக்கின. இந்தப் பெரியவர்களுக்குப் பிடித்தது பெரிய ஆர்டர். நூறு இன்ஜின், இருநூறு பெட்டி என்றால் பேசுவார்கள். பத்து வண்டி வேண்டும் என்று ஒரு சின்ன ரயில் கம்பெனி போய் நின்றால் சலித்துக்கொள்வார்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜெர்மனியில் 1994இல் ரயில்வே சீர்திருத்தம் வந்தது. 1996இலிருந்து உள்ளூர் ரயில் சேவையை மாநிலங்களே டெண்டர் விட்டுக் கொடுக்கலாம் என்றானது. ஸ்விட்சர்லாந்திலும் கிளைப்பாதைகளை மலிவாக ஓட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்ற நெருக்கடி. புதிதாக முளைத்த, ரயில் சேவை நடத்தும் சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு எடை குறைந்த, ஓட்டுநர் ஒருவரே போதும் என்கிற, நாலைந்து எண்ணிக்கையில் வாங்கக்கூடிய வண்டி தேவைப்பட்டது. அதைச் செய்து கொடுக்க ஆள் இல்லை.

ஸ்பூலர் போய் நின்றது அந்த இடத்தில்தான்.

வண்டியின் பெயர் ஜி.டி.டபிள்யூ. 1990களின் நடுவில் வந்தது. இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் கம்பெனியின் புத்தி முழுவதும் இந்த ஒரு வண்டிக்குள் இருக்கிறது. சாதாரணமாக இன்ஜினும் மோட்டாரும் பெட்டியின் தரைக்கு அடியில் இருக்கும். அதனால் தரை உயர்ந்துவிடும், படி ஏற வேண்டும். தள்ளுவண்டியோடு வரும் தாய்க்கும் கைத்தடியோடு வரும் தாத்தாவுக்கும் சிரமம். ஜி.டி.டபிள்யூ.வில் மோட்டார், மின்சாமான் எல்லாவற்றையும் நடுவில் ஒரு குட்டிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பயணிகள் பெட்டி, அவற்றின் ஒரு முனை அந்தக் குட்டிப் பெட்டியின் மேல் சாய்ந்து உட்காரும். பயணிகள் பெட்டியில் இயந்திரம் எதுவும் இல்லாததால், நம் ஊர்த் தாழ்தளப் பேருந்து மாதிரி நடைமேடையிலிருந்து அப்படியே உள்ளே கால் வைக்கலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் நடுவில் ஒடுக்கமான ஒரு சந்து வரும். இரு பக்கமும் அலமாரி மாதிரி கதவுகள், அவற்றுக்குப் பின்னால்தான் இயந்திரம். டீசல் வண்டி என்றால் அந்தச் சந்தில் சூடும் உறுமலும் தனியாகத் தெரியும். அதைத் தாண்டினால் மறுபடி அமைதி.

முதலில் வாங்கியவர்களில் ஒருவர் மிட்டெல்துர்காவ் ரயில்வே. அதாவது, தொழிற்சாலை வாசலில் ஓடும் அதே ரயில்வே! அடுத்த வீட்டுக்காரனிடம் விற்றுப் பழகிவிட்டு வெளியூர் போன கதை. அப்புறம் ஜெர்மனியில் உசேடம் தீவு, ஹெஸ்ஸன் மாநிலம் என்று பரவியது.

விற்பது ஒரு பக்கம். ஸ்பூலரின் அசல் கெட்டிக்காரத்தனம் வாங்குவதில் இருந்தது என்பது என் கணிப்பு. பெரியவர்கள் இணையும்போதும் கலைக்கும்போதும் மேசையிலிருந்து கீழே விழும் துண்டுகளை எடுத்துக்கொண்டே வந்தார். 1997இல் ஷிண்ட்லரிடமிருந்து ஆல்டன்ரைன் ஆலையை வாங்கினார். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் இருந்த அந்த இடம் ஒருகாலத்தில் டோர்னியர் விமான ஆலை. 12 இன்ஜின் வைத்த டோ எக்ஸ் என்ற பறக்கும் படகு 1929இல் அங்கேதான் உருவானது. 1998இல் எஸ்.எல்.எம்.மின் பல்சக்கர ரயில் பிரிவு, அதாவது செங்குத்தான மலையில் ஏறும் ரயில் செய்யும் பிரிவு. 2001இல் கனடாவின் பம்பார்டியர் கம்பெனி அட்ரான்ஸை விழுங்கியபோது, ஐரோப்பிய ஆணையம் போட்டி கெட்டுவிடும் என்று சொல்லிச் சில பகுதிகளை வெளியே விற்க வைத்தது. அப்படித்தான் பெர்லினின் பாங்கோ ஆலை முழுசாக ஸ்டாட்லர் கைக்கு வந்தது.

இந்த எஸ்.எல்.எம். விஷயத்தில் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் வின்டர்தூரில் எஸ்.எல்.எம். செய்து அனுப்பியவை, 1914 முதல் 1952 வரை பல தவணைகளில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்பு வருமே, அந்த முறையும் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ்காரர் கண்டுபிடித்தது. அந்த மலை ரயில் வித்தையைத் தெரிந்த கைகள்தான் 1998இல் ஸ்பூலரிடம் வந்து சேர்ந்தன. உலகத்தில் பல்சக்கர ரயில் வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெரிய கம்பெனிக்கு இது தொந்தரவு. ஆனால் வேறு யாருமே செய்வதில்லை என்றால் விற்பவன் சொல்வதுதான் விலை. ரியோவின் கோர்கோவாடோ மலை ரயில், பிரேசிலில் சாவோ பாலோ பக்கம் சரக்கு இழுக்கும் மிகப் பலமான பல்சக்கர இன்ஜின்கள், லூசெர்ன் அருகே 48 சதவீதச் சரிவில் ஏறும் பிலாட்டஸ் ரயிலின் புது வண்டிகள் எல்லாம் ஸ்டாட்லர் செய்தவைதான்.

சின்னப் பாதையிலிருந்து பெரிய பாதைக்கு ஏறியது ஃபிளிர்ட் என்ற வண்டியில். ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. அடுத்து வந்த இரட்டை அடுக்கு ரயிலுக்கு கிஸ், அதிவேக ரயிலுக்கு ஸ்மைல். பெயர் வைக்க உட்கார்ந்தவர்களுக்கு நல்ல வயசு போலிருக்கிறது. அது இருக்கட்டும். 2002இல் ஸ்விஸ் அரசு ரயில்வே எஸ்.பி.பி. 42 ஃபிளிர்ட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதுவரை கிராமத்துத் தச்சன் மாதிரி பார்க்கப்பட்டவருக்கு அரண்மனைக் கதவு செய்யும் வேலை கிடைத்த மாதிரி.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ரயிலின் உயிர்நாடி மின்னோட்டத்தை மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கும் கருவி. ஏ.பி.பி. தன் ரயில் பிரிவை விற்றுவிட்டு வெளியே வந்திருந்தது. ஆனாலும் அந்தக் கருவியைச் செய்யத் தெரியும், வாங்கத்தான் ஆள் வேண்டும். ஸ்டாட்லருக்கோ வண்டி கட்டத் தெரியும், அந்தக் கருவி வேண்டும். இருவரும் சேர்ந்தார்கள். எல்லாவற்றையும் தானே செய்கிறேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ஸ்பூலர் பத்து வருடத்தை அதிலேயே தொலைத்திருப்பார்.

ஃபிளிர்ட்டின் அடிப்படை வடிவம் ஒன்றுதான், உடுப்பு மட்டும் வாங்குபவருக்கு ஏற்ப மாறும். நார்வேக்குப் பனி தாங்கும் வண்டி, ஃபின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் அகலப் பாதை வண்டி, மின்கம்பி இல்லாத இடத்துக்கு டீசல் அல்லது பேட்டரி. இன்றைக்கு 2,000க்கும் மேற்பட்ட ஃபிளிர்ட்டுகள் விற்றிருக்கின்றன. கலிபோர்னியாவுக்காகச் செய்த ஹைட்ரஜன் ஃபிளிர்ட் ஒன்று, 2024 மார்ச்சில் கொலராடோ சோதனைத் தடத்தில் இடையில் எரிபொருள் நிரப்பாமல் 2,803 கிலோமீட்டர் ஓடிக் கின்னஸ் சாதனை படைத்தது. அந்த எண்ணுக்கு விளம்பர மதிப்புதான் அதிகம். எந்தப் பயணியும் அவ்வளவு தூரம் உள்ளூர் ரயிலில் போகப் போவதில்லை.

சரி, ஸ்விஸ் சம்பளம் கொடுத்துக்கொண்டு எப்படி விலையில் போட்டி போட்டார்? பாதி வேலையைக் கிழக்கே கொண்டுபோனார். ஹங்கேரியின் சோல்நோக்கில் அலுமினியப் பெட்டிக்கூடு, போலந்தின் ஷெட்ல்சேயில் வண்டிப் பொருத்தல். வாங்கும் நாட்டிலேயே ஆலை வைத்தால் ஆர்டர் கிடைக்கும் என்ற கணக்கும் இதில் உண்டு. அமெரிக்காவில் அது கட்டாயமே. அங்கே மத்திய அரசின் பணத்தில் ரயில் வாங்கினால் பெருமளவு உள்நாட்டிலேயே செய்திருக்க வேண்டும். அதனால் சால்ட் லேக் சிட்டியில் ஆலை வைத்தார். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையில் ஓடும் கால்ட்ரெயினுக்கு 2016இல் 16 கிஸ் ரயில்களுக்கான ஆர்டர் வந்தது, மதிப்பு சுமார் 55 கோடி டாலர். 2024 செப்டம்பரில் அந்தத் தடம் மின்சாரத்துக்கு மாறியது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் நம்மாட்கள் பலர் இப்போது போய்வருவது அந்த ரயிலில்தான்.

எல்லாம் வெற்றிதான் என்று நினைத்துவிடாதீர்கள். பெலாரஸ் கணக்குப் பொய்த்தது. மின்ஸ்க் அருகே ஃபானிபோலில் ரஷ்யச் சந்தையை நம்பி ஓர் ஆலையைக் கட்டி 2014இல் திறந்தார். மாஸ்கோ விமான நிலைய ரயில் நடத்தும் ஏரோஎக்ஸ்பிரஸ் 25 இரட்டை அடுக்கு ரயில் கேட்டிருந்தது. அதே 2014இல் ரூபிள் சரிந்தது. யூரோவில் விலை பேசிய வண்டிக்குப் பணம் கட்ட முடியாமல் ஏரோஎக்ஸ்பிரஸ் ஆர்டரைப் பாதிக்கும் மேல் வெட்டியது. கட்டிய வண்டிகளை என்ன செய்வது? அதே அகலப் பாதை உள்ள ஜார்ஜியாவுக்கும் அசர்பைஜானுக்கும் விற்றுச் சமாளித்தார்கள். 2022இல் உக்ரைன் போரும் பொருளாதாரத் தடைகளும் வந்தபோது ஃபானிபோல் வேலைகளைப் போலந்துக்கும் மற்ற ஆலைகளுக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. சர்வாதிகாரி ஆளும் நாட்டில் ஆலை வைத்ததற்கு ஸ்விஸ் பத்திரிகைகளில் நல்ல திட்டும் வாங்கினார். திட்டில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது எம்.பி. பதவிக்கு வருவோம். 1999இல் வலதுசாரிக் கட்சியான எஸ்.வி.பி. சார்பில் துர்காவிலிருந்து தேர்வானார். அவர் கட்சி ஐரோப்பிய ஒன்றியம் என்றாலே முறைக்கும் கட்சி. இவரோ ஏற்றுமதிக்காரர். ஒன்றியத்துடனான இருதரப்பு ஒப்பந்தங்கள் வேண்டும் என்று கட்சியின் போக்குக்கு மாறாகப் பேசினார். அமைச்சராவார் என்று பலமுறை பெயர் அடிபட்டது, போகவில்லை. 2012 கடைசியில் கம்பெனிதான் முக்கியம் என்று எம்.பி. பதவியையும் விட்டார். ஸ்விட்சர்லாந்தில் எம்.பி. வேலை முழுநேரத் தொழில் இல்லை. ஆசிரியரும் விவசாயியும் முதலாளியும் தங்கள் தொழிலோடு சேர்த்தே செய்வார்கள். ஆனாலும் அரசுக்குச் சொந்தமான ரயில்வேக்கு வண்டி விற்கும் ஒருவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பது உறுத்தலான விஷயம்தான்.

செல்வாக்கால் ஆர்டர் வந்ததா என்று பார்க்க 2010ஐ எடுத்துக்கொள்ளலாம். எஸ்.பி.பி.யின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத பெரிய ஆர்டர், 59 இரட்டை அடுக்கு நெடுந்தூர ரயில்கள், சுமார் 190 கோடி ஃபிராங்க். ஸ்பூலர் அப்போது பதவியில் இருந்த எம்.பி. போனது யாருக்கு? பம்பார்டியருக்கு. அந்த ரயில்கள் பல வருடம் தாமதமாக வந்தன. வந்த பிறகும் ஆட்டம் தாங்கவில்லை என்று பயணிகள் புலம்பினார்கள். அந்தத் தாமதத்தில் ஸ்டாட்லரின் பெயர் தானாக உயர்ந்தது. 2014இல் கோத்தார்ட் சுரங்கம் வழியே இத்தாலிக்கு ஓட 29 ரயில்கள் கேட்டபோது எஸ்.பி.பி. அவரிடம் வந்தது, கிட்டத்தட்ட 100 கோடி ஃபிராங்க். ஜிருனோ என்று பெயர். 250 கிலோமீட்டர் வேகம். நடைமேடை உயரம் ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் சில கதவுகளை 55 சென்டிமீட்டரிலும் சிலவற்றை 76 சென்டிமீட்டரிலும் வைத்தார்கள். ஜி.டி.டபிள்யூ. காலத்துத் தாழ்தளப் பிடிவாதம் அதிவேக ரயிலிலும் விடவில்லை.

2015 ஜனவரி 15 அன்று ஸ்விஸ் தேசிய வங்கி யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற வரம்பைத் திடீரென எடுத்தது. ஒரே காலைப்பொழுதில் ஃபிராங்க் ஏறி, ஏற்றுமதிக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். ஸ்டாட்லர் வார வேலை நேரத்தைக் கூட்டியது. தொழிற்சங்கங்களுக்கு எரிச்சல், வேலை உள்ளூரில் தங்கியதே என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. அந்த வருடக் கடைசியிலேயே ஸ்பெயினின் வலென்சியாவில் ஃபாஸ்லோ கம்பெனியின் இன்ஜின் ஆலையையும் வாங்கினார். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வாங்குவது அவருக்குப் பழகிய வேலை.

2019 ஏப்ரலில் பங்குச்சந்தைக்கு வந்தார்கள், பங்கு 38 ஃபிராங்க். அதற்கு ஒரு வருடம் முன்பே தலைமை நிர்வாகி நாற்காலியைத் தாமஸ் ஆல்பர்க் என்பவரிடம் கொடுத்துவிட்டு ஸ்பூலர் தலைவராக மட்டும் இருந்தார். 2020இல் இருவருக்கும் ஒத்துவரவில்லை, ஆல்பர்க் வெளியேறினார். இவர் மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்து, 2023 ஜனவரியில்தான் மார்கஸ் பெர்ன்ஸ்டைனரிடம் ஒப்படைத்தார். 30 வருடம் எல்லாவற்றையும் தானே பார்த்தவருக்கு விட்டுக்கொடுப்பது அவ்வளவு சுலபமாக வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. யூ.பி.எஸ். வங்கியின் இயக்குநர் குழுவில் 2004 முதல் 2008 வரை இருந்ததும், கோவை மில்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ரீட்டர் நூற்பு இயந்திரக் கம்பெனியில் பெரிய அளவில் பங்கு வைத்திருப்பதும் தனிக் கதை. இங்கே வேண்டாம்.

பங்கு வாங்கியவர்களுக்கு அந்த 38 ஃபிராங்க் பெரிய லாபம் தரவில்லை. ஆர்டர் புத்தகம் கனத்துக்கொண்டே போனாலும் லாபவிகிதம் மெலிந்திருந்தது. 2024 கோடையில் ஸ்விட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் வெள்ளம் வந்து அலுமினியம் கொடுக்கும் ஆலை முடங்கியது; அதே வருட அக்டோபரில் வலென்சியா வெள்ளம். ரயில் கட்டும் தொழிலில் வண்டியை ஒப்படைத்தால்தான் மீதிப் பணம் வரும். ஒரு கதவு, ஒரு கூடு வரவில்லை என்றாலும் முழு வண்டியும் கொட்டகையில் நிற்கும், வட்டி மட்டும் ஓடும்.

எஸ்.பி.பி. உறவிலும் இனிப்பும் கசப்பும் மாறி மாறித்தான். 2021இல் எஸ்.பி.பி.யும் அதன் துணைக் கம்பெனிகளும் 286 ஃபிளிர்ட்டுகளுக்கான ஆர்டரை ஸ்டாட்லருக்குக் கொடுத்தன, சுமார் 200 கோடி ஃபிராங்க். அப்போது நீதிமன்றம் போனது தோற்ற போட்டியாளர். 2025 நவம்பரில் சூரிக் மற்றும் மேற்கு ஸ்விட்சர்லாந்துக்காக 116 இரட்டை அடுக்கு ரயில்கள், ஏறக்குறைய அதே மதிப்பு. சூரிக் புறநகர்ப் பாதைகளில் பல வருடமாக ஸ்டாட்லரின் கிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆலையோ ஒரு மணி நேரத் தூரத்தில். எல்லோரும் இது அவருக்குத்தான் என்று நினைத்தார்கள். எஸ்.பி.பி. ஜெர்மனியின் சீமென்ஸைத் தேர்ந்தெடுத்தது. இந்த முறை ஆட்சேபித்துக் கொடி பிடித்தவர் ஸ்பூலர்.